எதனால் வகுத்தோம்?

(2025 மே மாதம், கல்வியாண்டு நிறைவையொட்டி விருதுநகர் மாவட்ட ஆசிரியர்களும் பெற்றோரும் கூடிய அவையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்கு "நம் மாவட்டத்தின் கல்விச் சாதனைகள்" என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அழைத்தவர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மே மாதம் முடியப்போகிறது. ரிசல்ட் வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் நம் விருதுநகர் 97.45 விழுக்காட்டோடு மாநிலத்தில் இரண்டாம் இடம். பாராட்ட வேண்டும். பாராட்டத்தான் வந்திருக்கிறேன். ஆனால் நான் கணக்கு வாத்தியார். யாராவது ஒரு விழுக்காட்டைச் சொன்னால், எதை எதனால் வகுத்தீர்கள் என்று கேட்காமல் எனக்குக் கைதட்ட வராது. இன்று பேசப்போவது அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான்.

ரிசல்ட் நாள் எப்படி நடக்கிறது என்று பாருங்கள். காலையில் சென்னையில் முடிவை வெளியிடுவார்கள். பிள்ளைகள் பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் தட்டிக்கொண்டிருக்கும்போதே ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் வேறொரு தாள் சுற்ற ஆரம்பித்துவிடும். மாவட்ட வாரியான தேர்ச்சிப் பட்டியல். 38 மாவட்டங்கள், 38 எண்கள், ஒவ்வொன்றும் இரண்டு தசமத் துல்லியத்தில். 2025இல் பிளஸ் டூவில் அரியலூர் 98.82. பத்தாம் வகுப்பில் சிவகங்கை 98.31. தலையில் இருக்கும் மாவட்டத்தின் முதன்மைக் கல்வி அலுவலருக்குச் சால்வை. வாலில் இருக்கும் மாவட்டத்துக்கு ஜூன் மாதம் ரிவியூ மீட்டிங். நடுவில் இருப்பவர்கள் போன ஆண்டைவிட எத்தனை படி ஏறினோம், இறங்கினோம் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

2017 மே மாதம் தமிழ்நாடு அரசு ஒரு நல்ல காரியம் செய்தது. மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று மாணவர் பெயர்களை அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளைக்கு லட்டு ஊட்டும் படங்கள் அதோடு குறைந்தன. அதில் ஒரு வேடிக்கை. பிள்ளைகளுக்கு ரேங்க் போனது. மாவட்டங்களுக்கு மட்டும் தங்கிவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளையை இப்படி வரிசைப்படுத்துவது அதன் மனத்தைக் கெடுக்கும் என்று ஒப்புக்கொண்ட நாம், அதே வரிசையைப் பெரியவர்களுக்கு வைத்தால் யார் தலையில் போய் விடியும் என்று யோசிக்கவில்லை. அது சுற்றிச் சுற்றி அந்தப் பிள்ளையிடமே வந்து சேரும். எப்படி என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கு. பின்னத்தில் கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி என்று ஐந்தாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுக்கிறோம். தேர்ச்சி விழுக்காட்டில் தொகுதி, தேறியவர்கள். பகுதி, தேர்வெழுதியவர்கள். எழுதியவர்கள் என்பதைக் கவனியுங்கள். சேர்ந்தவர்கள் கிடையாது, படித்தவர்கள் கிடையாது, பெயர் கொடுத்தவர்கள்கூடக் கிடையாது.

2023 மார்ச் 13. பிளஸ் டூ தமிழ்த் தேர்வு. அன்று மாநிலம் முழுவதும் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வரவில்லை. தமிழ்நாட்டில் தமிழ்த் தேர்வுக்கு அரை லட்சம் பேர் வரவில்லை என்று பத்திரிகைகள் சில நாள் பரபரப்பாக எழுதின. அவர்கள் யார்? கொரோனாக் காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் அனைவரும் தேர்ச்சி என்று மேலே வந்த கூட்டம் அது. சிலர் பாலிடெக்னிக்குக்கும் ஐ.டி.ஐ.க்கும் போய்விட்டார்கள், பெயர் மட்டும் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது. சிலர் வேலைக்குப் போனவர்கள். சிலருக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. மே மாதம் முடிவு வந்தது. எழுதியவர்கள் 8,03,385. தேறியவர்கள் 7,55,451. விழுக்காடு 94.03. முந்தைய ஆண்டு 93.76. ஆகவே முன்னேற்றம் என்று செய்தி. அந்த ஆண்டு 97.85 விழுக்காட்டோடு மாநிலத்தில் முதலிடம் பிடித்தது நம் மாவட்டம்தான். இங்கே பட்டாசு வெடித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். பட்டாசுக்கு நமக்கா பஞ்சம்!

வராத அந்த 50 ஆயிரம் பேரையும் பகுதியில் சேர்த்து வகுத்துப் பார்த்தால் 94 என்பது 88, 89 விழுக்காட்டுக்கு இறங்கும். மாநிலமே ஐந்து புள்ளிக்கு மேல் சரியும். 94.03 தவறான எண் என்று நான் சொல்ல வரவில்லை. எழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்ற கேள்விக்கு அது மிகச் சரியான விடை. நாம் அந்த விடையை எடுத்து, இந்த மாவட்டம் தன் பிள்ளைகளை எப்படிப் படிக்கவைக்கிறது என்ற வேறொரு கேள்விக்கு நேராக எழுதி வைத்துக்கொண்டு விழா எடுக்கிறோம். பரீட்சையில் பிள்ளை இப்படிச் செய்தால் நாம் மதிப்பெண் போடுவோமா?

இந்த மாவட்டத்துக்காரன் என்ற உரிமையில் இனி கொஞ்சம் வீட்டுக் கதை பேசுகிறேன். விருதுநகர் மாவட்டம் 1985இல் பழைய ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் தேர்ச்சி விழுக்காட்டில் நாம்தான் முதல் என்று நம் ஊர்க்காரர்கள் எங்கே போனாலும் சொல்லிக்கொள்வோம். அந்தப் பெருமைக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. வானம் பார்த்த பூமி. மழையை நம்பிப் பிழைக்க முடியாத ஊர்களில் வியாபாரமும் படிப்பும்தான் வழி என்று நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்துகொண்டார்கள். கடைக்காரர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்று எடுத்து வைத்தார்கள். வீட்டுப் பெண்கள் உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போட்டார்கள். அந்தப் பிடி அரிசியில் வளர்ந்ததுதான் விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை. காமராசர் படித்த பள்ளி.

காமராசர் அங்கே எதுவரை படித்தார்? ஆறாம் வகுப்போடு நின்றவர். தந்தை இறந்துவிட்டார், வீட்டில் வருமானம் இல்லை, மாமாவின் துணிக்கடைக்குப் போனார். இன்றைய நம் கணக்கில் அந்தப் பையன் தொகுதியிலும் வரமாட்டான், பகுதியிலும் வரமாட்டான். அவன் போனதால் நம் விழுக்காடு ஒரு துளியும் குறையாது. இன்னும் கடுமையாகச் சொன்னால், ஏழைப் பிள்ளை பாதியில் நிற்க நிற்க மிச்சமிருப்பவர்களின் தேர்ச்சி விழுக்காடு கூடத்தான் செய்யும்.

இது வெறும் தர்க்கம் என்று நினைக்காதீர்கள். நாம் முதலிடம் முதலிடம் என்று சொல்லிக்கொண்ட அதே காலத்தில் சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் பிள்ளைகள் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். விடியுமுன் கிராமத்துக்கு வரும் பஸ்ஸில் தூங்கித் தூங்கி விழுந்துகொண்டே போவார்கள். அதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். 1988இல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட இடங்களில் சிவகாசியும் ஒன்று. இதைப் பற்றி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20 ஆயிரம் ரூபாய் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாடு இருக்கிறது, வழக்கின் ஊர் நம் ஊர். ஒரே மாவட்டம், ஒரே காலம். ஒரு கணக்கில் முதலிடம். இன்னொரு கணக்கில் நாடு முழுவதற்கும் தெரிந்த தலைக்குனிவு. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பக்கத்துப் பக்கத்தில் இருக்க முடிந்ததற்குக் காரணம், தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸில் போன பிள்ளை நம் பகுதியில் இல்லை.

இப்போது பாராட்டு. அந்தப் பஸ்கள் நின்றுவிட்டன. சட்டத்துக்குப் பயந்தது ஒரு பங்கு, இயந்திரம் வந்தது ஒரு பங்கு. ஆனால் பெரிய பங்கு, குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தியவர்கள், சத்துணவு சமைத்தவர்கள், மாலை நேரத்தில் தெருத்தெருவாகப் போய், "பிள்ளையை நாளைக்கு அனுப்புங்கம்மா" என்று வாசலில் நின்று கேட்ட ஆசிரியர்கள். இந்த மாவட்டம் கடந்த நாற்பது ஆண்டில் செய்த ஆகப் பெரிய கல்விச் சாதனை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். 97.45 அதற்குப் பிறகுதான். இதற்காக ஒரு மேடை போட்டு, ஒரு சால்வை போர்த்தி நான் பார்த்ததில்லை. எந்த மே மாதத்துப் பட்டியலிலும் வராத சாதனை என்பதால் யாருக்கும் நினைவு வரவில்லை.

என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியை உண்டு. ஒன்பதாம் வகுப்பில் நின்றுபோன ஒரு பெண்ணின் வீட்டுக்கு விடாமல் போய்க்கொண்டிருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தம்பியைப் பார்க்க ஆளில்லை என்பது வீட்டுப் பதில். டீச்சர் தம்பியை அங்கன்வாடியில் சேர்த்துவிட்டு அக்காவைப் பள்ளிக்குக் கூட்டி வந்தார். அந்தப் பெண் பத்தாம் வகுப்பில் ஐநூறுக்கு இருநூற்றுச் சொச்சம் எடுத்துத் தேறினாள். அந்த ஆண்டு சென்டம் வாங்கிக் கொடுத்த ஆசிரியர்களை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இந்த டீச்சர் கீழே உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தார். முறையாகப் பார்த்தால் அவர் பள்ளிக்குச் செய்தது ஆபத்தான வேலை. அந்தப் பெண் ஃபெயில் ஆகியிருந்தால் பள்ளியின் நூறு விழுக்காடு போயிருக்கும். வீட்டிலேயே இருந்திருந்தால் போயிருக்காது.

மாவட்ட வரிசை சுற்றிச் சுற்றிப் பிள்ளையிடமே வந்து சேரும், எப்படி என்று பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். மாவட்டத்துக்கு ரேங்க். ஆகவே மாவட்ட அலுவலருக்கு நெருக்கடி. அவர் தலைமையாசிரியர்களை அழைத்து, 80 விழுக்காட்டுக்குக் கீழே போன பள்ளிகளை எழுந்து நிற்கச் சொல்வார். தலைமையாசிரியர் திரும்பி வந்து பாட ஆசிரியரைக் கேட்பார். விளக்கக் கடிதம், அதற்கும் மேலே போனால் 17(அ) விதியின்கீழ் ஒழுங்கு நடவடிக்கை. ஆசிரியர் வகுப்பைப் பார்ப்பார். நாற்பது பேரில் ஐந்து பேர் கண்ணில் உறுத்துவார்கள். மெல்லக் கற்போர் என்று அவர்களுக்குப் பெயர். நல்ல ஆசிரியர் அந்த ஐந்து பேரையும் மாலையில் உட்காரவைத்து, கையிலிருந்து காசு போட்டுச் சுண்டல் வாங்கிக் கொடுத்து, மினிமம் மெட்டீரியலை மனப்பாடம் செய்யவைத்து 35ஐத் தாண்டவைப்பார். இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. 35 மதிப்பெண் ஒரு பிள்ளைக்குத் திறக்கும் கதவு சாதாரணமானதில்லை. ஆனால் இன்னொரு வழியும் இருக்கிறது, எல்லோருக்கும் தெரியும். ஒன்பதாம் வகுப்பிலேயே நிறுத்தி வைப்பது. "உங்க பையனுக்கு இந்தப் பள்ளி சரிப்படாது, வேற பள்ளியில சேர்த்துடுங்க" என்று பெற்றோரைக் கூப்பிட்டுப் பதமாகச் சொல்லி டி.சி.யைக் கையில் கொடுப்பது. நூறு விழுக்காடு என்று வாசலில் பேனர் கட்டும் எந்தப் பள்ளியிலும், அரசுப் பள்ளியோ மெட்ரிக் பள்ளியோ, அந்தக் கூட்டம் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது எத்தனை பேர் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

பிளஸ் ஒன் கதையும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். இரண்டு ஆண்டும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே நடத்தி மதிப்பெண்ணைக் குவித்த பள்ளிகளால்தான் 2017-18இல் பதினோராம் வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டுவர வேண்டியிருந்தது. எதைக் கொண்டாடுகிறோமோ அதற்குத் தகுந்தாற்போல் பள்ளிக்கூடம் வளைந்துகொள்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும்தானா? அமெரிக்காவைப் பார்ப்போம். அங்கே பள்ளி மாவட்டம் என்பது நம் கல்வி மாவட்டம்போல மேலிருந்து வரும் சுற்றறிக்கையைக் கீழே அனுப்பும் அலுவலகப் பிரிவு இல்லை. அதற்குத் தனி வாரியம் உண்டு. பெரும்பாலான இடங்களில் உறுப்பினர்களை ஊர் மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஊராரின் சொத்து வரியிலிருந்து பெரும் பணம் வரும். வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும். ஆகவே ஆண்டு இறுதியில் மாவட்டத்தின் சாதனைகளை அறிவிப்பது அங்கே கிட்டத்தட்ட வரி கட்டியவருக்குக் கணக்கு ஒப்பிப்பது. அதனாலேயே எண்களின் மேல் ஆசையும் அதிகம்.

ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரப் பள்ளி மாவட்டத்தை 1999 முதல் 2011 வரை நடத்தியவர் பெவர்லி ஹால். ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள் பெருமளவில் படிக்கும் மாவட்டம். ஆண்டுக்கு ஆண்டு மதிப்பெண் ஏறியது. 2009இல் நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் என்று அவருக்கு விருது கொடுத்தார்கள். மாவட்டத்தின் ஊழியர்களையெல்லாம் ஜார்ஜியா டோம் என்ற பிரம்மாண்டமான விளையாட்டரங்கில் கூட்டி ஆண்டுதோறும் விழா நடக்கும். இலக்கை எட்டிய பள்ளிகளின் ஆசிரியர்களுக்குக் கீழே மைதானத்தில் இடம். எட்டாத பள்ளிகளின் ஆசிரியர்கள் மேலே படிக்கட்டு வரிசைகளில். யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லோரும் பார்க்கலாம். நம் ரிவியூ மீட்டிங்கில் எழுந்து நிற்கச் சொல்வதை இவ்வளவு பெரிய அரங்கத்தில் செய்யலாம் என்று நமக்குத் தோன்றவில்லை, நல்ல வேளை.

அங்கே தேர்வு, சரியான விடைக்குரிய வட்டத்தைப் பென்சிலால் நிரப்பும் முறை. மதிப்பெண் நம்ப முடியாத வேகத்தில் ஏறுவதை உள்ளூர் நாளேடு ஒன்று கணக்குப் போட்டு எழுதியது. பிறகு மாநில அரசு விடைத்தாள்களில் ரப்பரால் அழித்த தடங்களை இயந்திரத்தால் எண்ணிப் பார்த்தது. பிள்ளை தன் விடையை மாற்றினால் சரி தவறாவதும் உண்டு, தவறு சரியாவதும் உண்டு. இங்கே வகுப்பு வகுப்பாகத் தவறு மட்டும் சரியாகிக்கொண்டே போயிருந்தது. 2011 ஜூலையில் வந்த விசாரணை அறிக்கை, ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு நடந்தது என்றும், தலைமையாசிரியர்கள் உட்பட 178 பேருக்கு அதில் பங்கு உண்டு என்றும் சொன்னது. 2015 ஏப்ரலில் 11 பேரைக் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஹால் தன்மேல் வந்த குற்றச்சாட்டைக் கடைசிவரை மறுத்தார். வழக்கில் தீர்ப்பு வருவதற்கு முந்தைய மாதம் நோயால் இறந்தார்.

ஆசிரியர்கள் சிறைக்குப் போனார்கள் என்பதையே எல்லோரும் பேசினார்கள். எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. வாசிக்கத் தெரியாத பிள்ளை தாளில் வாசிக்கத் தெரிந்த பிள்ளையாகிவிட்டது. ஆகவே அதற்குக் கிடைத்திருக்க வேண்டிய கூடுதல் பயிற்சி கிடைக்கவில்லை. கொண்டாடியவர்கள் பிள்ளையின் கையிலிருந்ததைப் பிடுங்கிக் கொண்டாடினார்கள்.

அமெரிக்கர்கள் ஒன்றை மட்டும் நம்மைவிடச் சரியாகச் செய்தார்கள். 2008இல் மத்திய அரசு ஒரு விதி கொண்டுவந்தது. பள்ளி முடிப்போர் விழுக்காட்டை எல்லா மாநிலமும் ஒரே முறையில் கணக்கிட வேண்டும். பகுதியில் வைக்க வேண்டியது ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்த எல்லோரையும். வேறு பள்ளிக்கு முறையாக மாறியவரைக் கழிக்கலாம், வந்தவரைச் சேர்க்கலாம். ஆனால் காணாமல் போனவர் காணாமல் போனவராகவே பகுதியில் நிற்பார். இந்த முறையில் 2010-11இல் நாடு முழுவதற்கும் வந்த எண் 79 விழுக்காடு. உலகின் பணக்கார நாடு, ஐந்தில் ஒரு பிள்ளை நான்கு ஆண்டில் பள்ளி முடிக்கவில்லை என்று தானே எழுதிக் கொடுத்தது. 2018-19இல் அது 86 ஆனது. நம் 94க்குப் பக்கத்தில் வைத்தால் இது குறைவாகத் தெரியும். வைக்கக் கூடாது, இரண்டும் வேறு வேறு கேள்விகளின் விடைகள்.

கீழே இருப்பதைச் சரிசெய்துவிட்டால் மேலே இருப்பதில் கைவைக்க மாட்டார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தலைநகர் வாஷிங்டனில் பலூ உயர்நிலைப் பள்ளி. 2017இல் கடைசி வகுப்பு மாணவர் அத்தனை பேருக்கும் கல்லூரியில் இடம் கிடைத்தது என்று நாடே கொண்டாடியது. அந்த ஆண்டு நவம்பரில் வானொலிச் செய்தியாளர்கள் வருகைப் பதிவேட்டைப் புரட்டினார்கள். பட்டம் வாங்கியவர்களில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்கும் மேல் பள்ளிக்கே வராதவர்கள். பிறகு நடந்த ஆய்வில், நகரம் முழுவதும் அந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு விதியை மீறிப் பட்டம் கொடுக்கப்பட்டது தெரியவந்தது.

நியூஜெர்சியில் யூனியன் சிட்டி என்று ஒரு சிறு நகரம். கியூபாவிலிருந்தும் பிற லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்தும் வந்த குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் ஏழை ஊர். 1980களின் இறுதியில் அந்தப் பள்ளி மாவட்டத்தை மாநில அரசே எடுத்துக்கொள்ளும் நிலை. அவர்கள் மூன்று வயதிலிருந்து பாலர் கல்வி கொடுத்தார்கள், தாய்மொழியான ஸ்பானிஷில் தொடங்கி ஆங்கிலத்துக்கு வந்தார்கள், ஆசிரியர்களைக் கூடிப் பேசவைத்தார்கள். இருபது ஆண்டு பிடித்தது. டேவிட் கிர்ப் என்ற பேராசிரியர் அங்கேயே போய் இருந்து பார்த்து 2013இல் புத்தகம் எழுதினார். இருபது ஆண்டில் நடக்கும் காரியத்துக்கு ஆண்டு விழாவில் எந்த மேடையில் இடம் கொடுப்பது?

நம் பட்டியலுக்குத் திரும்புகிறேன். அதில் நான் கைதட்ட விரும்பும் ஓர் ஊர் இருக்கிறது. வேலூர். 2024இல் பத்தாம் வகுப்பில் 82.07, கடைசி இடம். 2025இல் 85.44, மறுபடியும் கடைசி இடம். பத்திரிகையில் "வேலூர் மீண்டும் கடைசி" என்றுதான் வரும். மாநிலம் 91.55இலிருந்து 93.80க்கு ஏறியது, இரண்டேகால் புள்ளி. வேலூர் ஏறியது மூன்று புள்ளிக்கும் மேல். மாநிலத்தைவிட வேகமாக ஓடியவனுக்குக் கடைசி என்று பெயர். தோல் பதனிடும் தொழிலும் பீடி சுற்றலும் நிறைந்த வட்டாரத்தில், கூலிக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று புள்ளி ஏற்றுவது எவ்வளவு பாடு என்று ஆசிரியர்களுக்குத் தெரியும். முதலிடத்தில் அடிக்கடி தெரியும் அரியலூரும் பெரம்பலூரும் சிறிய மாவட்டங்கள் என்பதையும் கவனியுங்கள். பகுதி சின்னதாக இருந்தால் விழுக்காடு சட்டென்று ஏறும், சட்டென்று இறங்கும். அந்த ஊர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. சென்னையையும் பெரம்பலூரையும் ஒரே பட்டியலில் இரண்டு தசமத்தில் ஒப்பிடுவதைத்தான் குறை சொல்கிறேன். ஒரு மாவட்டத்தின் 97.42க்கும் இன்னொன்றின் 97.25க்கும் நடுவில் இருப்பது கல்வித் தரம் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வெழுதிய சிலருக்குக் காய்ச்சல்.

கொண்டாடுவதே தப்பு என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்விக்கு விழா எடுப்பது நம் நாட்டுப் பழக்கம்தான், வேறு மாதிரி எடுத்திருக்கிறோம். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநர். அவர் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று ஊர் ஊராக நடத்தினார். திருவிழாக் கூட்டம். மேடையில் யார் எவ்வளவு மதிப்பெண் என்ற பேச்சு இல்லை. இந்த ஊர் தன் பள்ளிக்கு என்ன செய்தது என்பதுதான் பேச்சு. கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சீருடை, கட்டடம், நிலம். கொடுத்தவர்களில் பெரும் பணக்காரர் உண்டு, கைப்பொருள் அதிகம் இல்லாதவரும் உண்டு. அந்த விழாவில் கணக்கு ஒப்பித்தது ஊர். இப்போது நம் விழாவில் கணக்கு ஒப்பிப்பது பிள்ளை. ஊரும் அதிகாரியும் அமைச்சரும் நாற்காலியில் உட்கார்ந்து கேட்கிறார்கள்.

ஆகவே இந்த அவைக்கு, முக்கியமாக முன்வரிசையில் இருக்கும் கல்வி அலுவலர்களுக்கு, என் விண்ணப்பம் இது. அடுத்த ஆண்டு விழா மலரின் முதல் பக்கத்தில் தேர்ச்சி விழுக்காட்டைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பக்கத்தில், அதே எழுத்தளவில், இன்னொரு எண்ணைப் போடுங்கள். 2019 ஜூனில் இந்த மாவட்டத்தில் ஆறாம் வகுப்பில் இருந்தவர்கள் எத்தனை பேர்? அவர்கள்தான் 2026 மார்ச்சில் பிளஸ் டூ எழுத வேண்டியவர்கள். அவர்களில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், எத்தனை பேர் வேறு மாவட்டம், எத்தனை பேர் எங்கே என்றே தெரியவில்லை.

இது முடியுமா என்று கேட்பீர்கள். என் காலத்தில் முடிந்திருக்காது. சேர்க்கைப் பதிவேடு ஒரு பள்ளியில், டி.சி. புத்தகம் இன்னொரு பள்ளியில், நடுவில் பிள்ளை எங்கே போனது என்று சொல்ல ஆள் இல்லை. இன்று கல்வித் துறையின் கணினிப் பதிவேடான எமிஸில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் எண் இருக்கிறது. காலையில் வருகையைப் பதிவதிலிருந்து செருப்பு அளவு வரை அதில் ஏற்றச் சொல்லி ஆசிரியர்களின் உயிரை எடுக்கிறீர்கள். அதே எமிஸ், ஆறாம் வகுப்பில் இருந்து இப்போது எந்தப் பள்ளியிலும் இல்லாத எண்களைப் பட்டியல் போட்டுக் கொடுக்கும். பதிவில் பிழை இருக்கும், இரட்டைப் பதிவு இருக்கும், வட மாநிலத்திலிருந்து வந்து திரும்பிப் போன பிள்ளைகள் இருப்பார்கள். கழித்துக்கொள்ளுங்கள். கழித்தது எத்தனை என்று அடிக்குறிப்பில் எழுதுங்கள். முதல் ஆண்டு எண் பார்க்க அழகாக இருக்காது. நம் மாவட்டம் ஏழாவது இடத்திலோ பதினைந்தாவது இடத்திலோ நிற்கலாம். மற்ற மாவட்டங்கள் இப்படிப் போடாதவரை இடம் என்ன என்று தெரியவும் தெரியாது. அந்தப் பட்டியலை எந்த ஆசிரியருக்கும் விளக்கக் கடிதம் கேட்கப் பயன்படுத்த மாட்டோம் என்று முதன்மைக் கல்வி அலுவலர் எழுத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் ஜூலைக்குள் எல்லாப் பிள்ளையும் தாளில் பள்ளிக்கு வந்துவிடும், அட்லாண்டாவில் வந்ததுபோல.

மேடைக்கு அழைப்பவர்களின் பட்டியலிலும் ஒரு திருத்தம். சென்டம் ஆசிரியர்களுக்கு இருக்கும் நாற்காலிகள் அப்படியே இருக்கட்டும். கூடுதலாகச் சில நாற்காலிகள் போடுங்கள். நின்றுபோன பிள்ளையைத் திரும்பக் கூட்டி வந்த ஆசிரியர் யார் என்று எமிஸில் மறுசேர்க்கைத் தேதியைப் பார்த்தால் தெரியும். அவர், அந்தப் பிள்ளையின் அம்மா, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருந்து வீடு வீடாகப் போன பெண், காலை உணவுக்கு விடியுமுன் வந்து அடுப்புப் பற்றவைக்கும் அக்கா. சால்வைச் செலவு கூடும் என்றால், நன்கொடைக்கு நம் ஊரில் மகமை என்று ஒரு பழைய ஏற்பாடு உண்டு; முதல் ஆண்டுச் சால்வைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

இத்தோடு என் பேச்சை முடித்துக்கொள்கிறேன். கேள்வி நேரம் உண்டு என்று செயலாளர் சொன்னார். கணக்கில் தவறு கண்டவர்கள் முதலில் வாருங்கள்.